பலகையில் முதல் பெயர்

ஏணி என்றால் எனக்கு இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது ஒரு கை.

பேரிகைக்குப் பக்கத்தில் ஒரு ரோஜாத் தோட்டம். வெட்டிய பூவைக் கொண்டுவந்து கட்டுகிற நீளமான ஷெட். அதன் கூரைக்குச் சாய்த்த ஏணியில், கடைசிப் படிக்கு முந்தின படியில் நான் நிற்கிறேன். நிற்கிறேன் என்பது பெருமைக்குச் சொல்வது. ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறேன். மார்கழிப் பனியில் தகரம் நனைந்து கிடக்கிறது. கீழேயிருந்து ரோஜாக் காம்புகளின் பச்சை வாசனை வருகிறது. மேலே, கூரை விளிம்பில் குந்தியபடி மஞ்சுளா கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். வேலை நேரத்தில் வளையல் போடக் கூடாது என்று பயிற்சியில் சொன்னதால், அந்த மணிக்கட்டில் வளையலுக்குப் பதிலாகப் பச்சை ரப்பர் பேண்டுகள். பூக்கட்டுக்குப் போடுகிற ரப்பர் பேண்டுகள்.

"கையக் குடுக்கா."

"கையக் குடுத்தா ஏணிய யாருட்டி பிடிக்க?"

"ஏணி எங்கியும் போவாதுக்கா. நீதான் எறங்கி ஓடிருவ. கையக் குடு."

கொடுத்தேன். பார்க்க ஒடிசலாக இருப்பாள். இழுத்த இழுப்பில் நான் கூரைமேல் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் கிரானைட் குன்றுகள், வெள்ளைக் கூடாரங்களாகப் பூந்தோட்டங்கள், மேலே வானம். கீழே பார்க்கப் பயமாக இருந்தது. ஆனால் சிரிப்பும் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் சொந்தமாக எடுத்த முதல் வேலை அது.

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் யார் யாரைப் பற்றியோ எழுதிவிட்டேன். மஞ்சுளாவை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன். போன வாரம் அவளிடமிருந்து ஒரு போன் வந்தது. அதனால் இனியும் தள்ள முடியாது.

மணமேடையில் பேனல்

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. பெயர் சண்முகத்தாய். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கியர் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்ததால் பெட்டி படுக்கையோடு இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தேன். வந்த புதிதில் என் பெயரைச் சொன்னால் பக்கத்து வீடுகளில் இன்னொரு முறை சொல்லச் சொல்வார்கள். கடைசியில் ஊரே சேர்ந்து 'சண்மு' என்று சுருக்கிவிட்டது.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த அறிவிப்பு வந்தது. பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் பசுமை வேலைகளுக்கான பயிற்சி, இலவசம், மதியச் சாப்பாடு உண்டு. பசுமை வேலை என்றதும் நாற்று வளர்க்கச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்தேன். எனக்குக் கறிவேப்பிலைச் செடிகூடப் பிழைத்ததில்லை. இருந்தாலும் போனேன்.

குருபரப்பள்ளியில், ஹைவேயை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம். பக்கத்தில் ஏசி மண்டபங்கள் வந்த பிறகு அதில் கல்யாணம் நடப்பதில்லை. அங்கேதான் பயிற்சி. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற மேடையில், பின்னால் பிளாஸ்டிக் பூ அலங்காரம் அப்படியே தொங்க, நடுவில் ஒரு சோலார் பேனலை நிறுத்தி வைத்திருந்தார்கள். நாங்கள் எல்லோரும் மண்டபத்துக்குள் நுழைகிற பழக்கத்தில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போய்த் தரையில் உட்கார்ந்தோம். சொல்லித்தர வந்தவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அம்மா, இந்தத் தொழில்ல முதல் பாடமே செருப்பப் போட்டுக்கிறதுதான். எல்லாரும் எந்திரிச்சுப் போய்ப் போட்டுட்டு வாங்க" என்றார்.

எங்களில் பாதிப் பேர் என்னைப்போலத் தென் மாவட்டங்களிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் மனைவிமார். மீதிப் பேர் சுற்றுவட்டார விவசாயக் குடும்பத்துப் பெண்கள். மஞ்சுளா அந்த இரண்டாவது கூட்டம். டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பேசுவது தெலுங்கு, அம்மா பிறந்த ஊர் மாலூர்ப் பக்கம் என்பதால் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். ஒரே வாக்கியத்தில் மூன்றிலும் போய்வருவாள்.

முதல் நாளே எங்களுக்குள் மனத்தாங்கல். "ஏட்டி, அந்த ஸ்பேனர இங்கன தா" என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மதியம் சாப்பிடும்போது நேராகவே கேட்டாள்.

"ஏன்க்கா, பாத்து அரை நாள் ஆவல, அதுக்குள்ள என்னை வாடி போடிங்கற?"

"எங்க ஊர்ல பிரியமானவங்களத்தான்ட்டி அப்படிச் சொல்லுவோம். பிடிக்காதவங்கள வாங்க போங்கன்னுதான் பேசுவோம்."

அவள் தன் டப்பாவிலிருந்து ஒரு கை களியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள்.

"அப்ப தெனமும் சொல்லு."

போர்டில் இடம் போதாது

சுத்தியல் பிடிப்பது, மீட்டர் பார்ப்பது, ஒயர் முனையில் கனெக்டரை அழுத்திப் பிடிப்பது எல்லாம் எனக்கு வந்துவிட்டது. பேன்ட் போடுவதுதான் வரவில்லை. புடவையில் கூரை ஏற முடியாது என்று ஒரு நீலச் சட்டையும் பேன்ட்டும் கொடுத்தார்கள். பஸ்ஸில் அதைப் போட்டுக்கொண்டு போன முதல் நாள், ஊரே என் காலைப் பார்ப்பது போலிருந்தது. உண்மையில் ஒருத்தரும் பார்க்கவில்லை. ஓசூர் பஸ்ஸில் பாதிக் கூட்டம் யூனிஃபார்ம்காரர்கள்.

கடைசி வாரம், சொந்தத் தொழில் தொடங்குவது எப்படி என்று வகுப்பு. ஒவ்வொருத்தரும் தங்கள் கடைக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். எல்லோரும் குலசாமி பெயரைச் சொன்னார்கள். நானும் மஞ்சுளாவும் சேர்ந்து தொடங்குவது என்று எப்போது முடிவு செய்தோம் என்பதே எனக்கு ஞாபகமில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை. யார் பெயர் முதலில் என்பதற்கு மட்டும் ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டோம்.

"வயசுக்கு மரியாத குடுத்து எம்பேர முதல்ல போடுட்டி."

"உம்பேரு ரயிலு மாதிரி போவுதுக்கா. அது முடியறதுக்குள்ள போர்டு முடிஞ்சிரும்."

"சண்முன்னு போடு."

"சரி, சண்மு. ஆனா எம்பேருதான் மொதல்ல. இந்தப் பக்கம் உன்னை யாருக்குத் தெரியும்? மஞ்சுன்னு பாத்தா நம்ம ஊட்டுப் பொண்ணுன்னு கதவத் தொறப்பாங்க."

அதில் நியாயம் இருந்தது. எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான். 'மஞ்சு சண்மு சோலார் சர்வீஸ்' என்று சூளகிரி போகிற வழியில் ஒரு சின்னக் கடையில் பலகை ஏறியது. மேலே மஞ்சு, கீழே சண்மு. என் பெயருக்குத்தான் பெயிண்டர் கொஞ்சம் கூடுதலாகச் சாயம் போட்டிருந்தார் என்று என்னைச் சமாதானப்படுத்தினாள்.

பேனல் மாட்டுவது எப்போதாவது வருகிற வேலை. கழுவுவதும் பழுது பார்ப்பதும்தான் எங்களுக்கு அன்றாடச் சோறு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தூசி. ஜூஜுவாடியில் கூரை ஏறினால் லாரிப் புகை படிந்து பிசுபிசுவென்று கறுப்பாக இருக்கும். சூளகிரியில் கல்குவாரி மாவு, கோலமாவைக் கொட்டினது போல. பேரிகையில் செம்மண். சாயங்காலம் துவைக்கப் போட்ட என் சட்டையைப் பார்த்தே என் வீட்டுக்காரர் "இன்னைக்குப் பேரிகை வரைக்கும் போயிட்டு வந்தீகளோ" என்று கேட்பார்.

வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டோம். ஏறுவது அவள், பேசுவது நான் என்று ஊருக்குள் சொல்வார்கள். அது சரியில்லை. நானும் ஏறினேன். கடைசிப் படியில் அவள் கை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாமி நின்ற நிழல்

ஆயுத பூஜைக்கு இந்தப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். தீபாவளியெல்லாம் அப்புறம்தான். கம்பெனி கேட்டில் வாழை கட்டி, மெஷின் மெஷினாகச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி பொட்டலம் கொடுப்பார்கள். லாரியிலிருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் பொட்டு வைக்காத சாமான் இருக்காது.

நாங்கள் முதன்முதலில் பேனல் போட்ட அந்த ரோஜாத் தோட்டத்து உரிமையாளர் முனிராஜப்பா, மஞ்சுளாவுக்குப் பெரியப்பா முறை. பூவை வைக்கிற குளிர் அறை பகலில் எங்கள் சோலாரில்தான் ஓடியது. அந்தப் பக்கம் லைன் கரண்ட் பகலில் வருவதும் போவதுமாக இருந்தது. பூஜைக்கு எங்களையும் கூப்பிட்டார். கத்தரிக்கோல், மோட்டார், டெம்போ எல்லாவற்றுக்கும் பூஜை ஆனதும் மேலே பார்த்தார்.

"கீழ இருக்கறதுக்கெல்லாம் போட்டாச்சு. சோறு போடறது அதுதான? அத மட்டும் உட்ரலாமா?"

விடலாமா? எங்களுக்கும் அதுதானே தொழில். இரண்டு பேரும் குளித்து வந்திருந்தோம். ஒரு செம்பு சந்தனம், விபூதித் தட்டு, குங்குமம், சாமந்திச் சரம் எல்லாவற்றையும் கூரைக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு பேனலுக்கும் விரல் அகலத்தில் மூன்று பட்டை, நடுவில் உள்ளங்கை அளவு சந்தனம், அதன்மேல் குங்குமம். வரிசையின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. மேல் ஓரத்தில் சாமந்திச் சரம். கற்பூரம் காட்டியபோது அந்தக் கண்ணாடி முழுக்கச் சுடர் ஆடியது. மஞ்சுளா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்டேன். சொல்லவில்லை.

இரண்டொரு நாளில் முனிராஜப்பா போனில் கத்தினார்.

"என்னாம்மா செஞ்சு வெச்சீங்க? ரூமு குளிராவே மாட்டேங்குது. மொட்டெல்லாம் விரிஞ்சிகினு வருது. முகூர்த்தத்துக்குப் பூவு அனுப்பணும். விரிஞ்ச பூவ எவன் வாங்குவான்?"

ஓடினோம். இன்வெர்ட்டரைத் திறந்து பார்த்தோம். ஒயரைத் தடவித் தடவிப் பார்த்தோம். எலி கடித்திருக்குமோ என்று குழாய்க்குள் டார்ச் அடித்தேன். கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினோம். எல்லாம் சரியாக இருந்தது. கரண்ட் மட்டும் பாதிக்குப் பாதி. பேனல் கொடுத்த கம்பெனிக்குச் சொன்னோம். இன்ஜினியர் பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டார், அத்திப்பள்ளி நெரிசலில் நிற்கிறார் என்றார்கள்.

இப்போது படிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பேனல்மேல் ஒரு இலை விழுந்தால்கூட எடு, நிழல் ஆகாது என்றுதான் எங்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை நாங்களே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறோம். ஆனால் நாங்கள் பூசிய சந்தனமும் கட்டிய வாழையும் எங்கள் கண்ணுக்கு நிழலாகத் தெரியவே இல்லை. அது சாமிக்குப் போட்டது. பூஜை போட்ட வாழையைத் தானாக வாடும்வரை யார் அவிழ்ப்பார்கள்? வைத்த பொட்டை யார் அழிப்பார்கள்? சாமந்திச் சரத்தை ஒதுக்கிவிட்டு அதன் அடியில் இருந்த ஒயரைத்தான் பார்த்தேன். சரத்தைப் பார்க்கவில்லை.

நான் கீழே முனிராஜப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். மேலே மஞ்சுளா மீட்டரை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக அளந்தாள். பிறகு சத்தமே இல்லை. என்னமோ ஏதோ என்று ஏணியடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"அக்கா."

"என்னட்டி?"

"நம்ம சாமிதான்க்கா நெழலா நிக்குது."

பின்பக்கப் பொட்டு

இன்ஜினியர் வந்து இறங்கியபோது மஞ்சுளா வாழையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலிருந்தே கூரையைப் பார்த்துவிட்டார். பெரிதாகச் சிரித்தார்.

"ஏனம்மா, பேனலிகூ பூஜேனா?"

அவருக்கு அவள் கன்னடத்தில் விவரம் சொன்னாள். எந்த வரிசையில் எவ்வளவு குறைந்தது, எந்த ஓரம் முதலில் படுத்தது என்று. நடுவில் திரும்பி எனக்குத் தமிழில், ஈரத்துணி கொண்டுவரச் சொன்னாள். முனிராஜப்பா மட்டும் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் அழாத குறையாக நின்றார். வைத்த பொட்டை அழித்தால் வருஷம் முழுக்கத் தோட்டத்துக்கு ஆகாது என்பது அவர் பயம். பூ விரிவதைவிட அது பெரிய பயமாக இருந்தது. இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் மஞ்சுளாவைப் பார்த்தேன்.

அவள் கூரையில் மல்லாந்து படுத்தாள். பேனலுக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் தோள்வரை நுழைந்தாள். கொஞ்சம் சந்தனம் குழைத்துத் தரச் சொன்னாள். பேனலின் முதுகில், வெயிலே படாத பக்கம், ஒரு பொட்டு வைத்தாள். வெளியே வந்து பெரியப்பாவிடம் தெலுங்கில் சொன்னதை எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னாள்.

"சூரியனுக்குத் தெரியாத எடத்துல வெச்சிருக்கேன். சாமிக்குத் தெரியும்ல, போதும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சரி என்று தலையாட்டினார். முன்பக்கத்தை நாங்கள் துடைக்கத் துடைக்க, கீழே குளிர் அறை மோட்டாரின் சத்தம் மாறியது. பூ தப்பித்தது. எங்கள் பெயரும் தப்பித்தது.

அங்கேயே, கையில் இன்னும் சந்தனம் காயாத நிலையில், இன்ஜினியர் அவளிடம் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். தும்கூர் தாண்டி ஒரு பெரிய சோலார் வயல். கண்ணுக்கெட்டின தூரம்வரை பேனல். அங்கே பராமரிப்புக்குப் பெண்கள் குழு ஒன்று அமைக்கிறார்கள். கன்னடமும் தெலுங்கும் பேசத் தெரிந்த ஒரு பொறுப்பாளர் வேண்டும், தங்க ஹாஸ்டல் உண்டு. அவர் பேசி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. நானும் அதே கூரையில்தான் நின்றேன். எனக்குத் தெரிந்தது தமிழ் மட்டும்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த தப்பு ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுபோகும் என்று பயந்தேன். அவர் இன்றுவரை இருக்கிறார். போனவள் மஞ்சுளா.

இஞ்சி டீ

அவள் வீட்டில் அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொண்ணு வேலைக்குப் போவதில் அவள் அம்மாவுக்கு வருத்தமில்லை. சொந்தக்காரர்கள் பார்க்க, பேன்ட் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக் கூரையிலேயே ஏறி நிற்பதுதான் வருத்தம். வந்த இரண்டு சம்பந்தம் அதைச் சொல்லியே தட்டிப்போனது. தை பிறந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கர்நாடகத்தில் கம்பெனி வேலை, ஹாஸ்டல் என்றால் சரி என்றார்கள். கண்ணில் படாத தூரத்தில் அவள் எந்தக் கூரை ஏறினாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆக, இங்கே இருந்தால் தொழிலை விட வேண்டும். தொழில் வேண்டுமென்றால் என்னை விட வேண்டும்.

இதையெல்லாம் பேரிகை பஸ் ஸ்டாப் டீக்கடையில் நின்று சொன்னாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. இஞ்சி டீ ஆறி ஆடை கட்டியது. அவள் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க ஊட்டுல நான் பேசவான்னு கேக்கப்போற. வேணாம். பேசிப் பாத்தாச்சு."

"நான் ஒண்ணும் கேக்கல."

"நீ சொல்லுக்கா. போவட்டா?"

எனக்கு நாக்கு நீளம் என்று வீட்டிலும் சொல்வார்கள், வெளியிலும் சொல்வார்கள். அன்றைக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. கடைக்கு இப்போதுதான் ஆள் வர ஆரம்பித்திருக்கிறது, மாசி பிறந்தால் பேனல் கழுவ வேலை குவியும், நான் யாரோடு போவேன், கடைசிப் படியில் யார் கை கொடுப்பார்கள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாள். நின்று, தையில் எங்கேயோ வாழ்க்கைப்பட்டு, யார் வீட்டுக் கூரையையோ கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"போ ஏட்டி" என்றேன். "அங்கன குளிரு ஜாஸ்தியா இருக்கும். ஸ்வெட்டர் எடுத்துக்க."

"ஓசூர விடவா?"

"எனக்கு எங்கிட்டுப் போனாலும் குளிருதான். எடுத்துக்கோன்னா எடுத்துக்கோ."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையை வெளியே நீட்டினாள். பிடிப்பதற்குள் டிரைவர் எடுத்துவிட்டார்.

மஞ்சு அக்கா

அதன்பிறகு ஏணி ஏறக் கற்றுக்கொண்டேன். கற்றுத்தர ஆளில்லை, பயந்து பயந்துதான். கடைசிப் படியில் இன்னும் என் வலது கை தானாக மேலே போகும். ஒன்றும் அகப்படாமல் தகரத்தைப் பிடிக்கும். கூட வருகிற இரண்டு பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

குருபரப்பள்ளி மண்டபத்தில் புதுப் பெண்கள் சேரும்போதெல்லாம் என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். அந்த ஆயுத பூஜைக் கதையைச் சொல்வேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போய் அவர்களும் பின்பக்கம்தான் பொட்டு வைக்கிறார்கள்.

முனிராஜப்பா தோட்டத்தில் ஒவ்வொரு வருஷமும் பூஜை என் பொறுப்பு. பேனலின் முதுகில் மழை படாது, வெயிலும் படாது. மஞ்சுளா வைத்த பொட்டு காய்ந்து பழுப்பாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் அவள் விரல் ரேகை தெரிகிறது என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரர் நம்புவதில்லை. அதன் பக்கத்தில் என்னுடையதை வைத்துவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் மல்லாந்து கிடப்பேன். அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கும். வேறொன்றும் இல்லை, பார்க்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. ஊர்ப் பக்கத்து ஜனங்கள் போர்டைப் பார்ப்பார்கள். முதல் பெயர் மஞ்சு. கடையில் இருப்பது நான். அதனால் எனக்கு 'மஞ்சு அக்கா' என்றே பெயராகிவிட்டது. முதலில் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். அந்தப் பெயரை ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் வாயில் கேட்க முடிகிறது. அதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

போன வாரம் வந்த போனுக்கு வருகிறேன். அவள் பேச்சில் இப்போது கன்னட ராகம் ஏறிவிட்டது. எடுத்ததும் வழக்கம்போலக் கேட்டாள்.

"ஏட்டின்னு சொல்லு மொதல்ல."

"ஏட்டி."

"ம். அக்கா, நான் இங்கயே சொந்தமா ஆரம்பிக்கிறேன். நாலு பொண்ணுங்க எங்கூட வராங்க. இங்க வேலைக்குக் கொறச்சலே இல்ல."

"நல்லதுட்டி. நல்லா வருவ."

"அதான்... இனிமே அங்க வருவேன்னு தோணல. நீ ஒத்தையில பாக்கற கடைக்கு எம்பேரு எதுக்கு? போர்டுல இருந்து எடுத்துரு, அக்கா. பூஜைக்கு எப்படியும் பெயிண்ட் அடிப்பல்ல, அப்பவே எடுத்துரு."

"சரி" என்றேன். புதுக் கடைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அங்கே காற்று பலமாக அடித்தது. பேனலுக்கு நடுவில் நின்று பேசுகிறாள் என்று தெரிந்தது. "கூரையில ஏறும்போது பாத்து ஏறு" என்றாள். நானும் அதையே சொன்னேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பெயிண்டர்களுக்குக் கை ஓயாது. சொல்லி வைத்திருந்ததால் எங்கள் பெயிண்டர் காலையிலேயே வந்துவிட்டார். மண்ணெண்ணெய் நனைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியைச் சாய்த்தார்.

"ஏதோ ஒரு பேர எடுக்கணும்னீங்களே. எதுங்க?"

வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து நின்றாள். தலையில் முக்காடு, காலில் தோட்டத்துச் செம்மண். தக்காளித் தோட்டத்துச் சோலார் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை, நாற்று காய்கிறது என்று அவசரமாகச் சொல்லிக்கொண்டே போர்டை அண்ணாந்து பார்த்தாள்.

"மஞ்சு அக்கா கட இதானுங்களா? மஞ்சு அக்கா இருக்காங்களா?"

பெயிண்டர் என்னைப் பார்த்தார்.

"இருக்கேன்மா" என்றேன். "நான்தான். நீ முன்னால போ, பின்னாடியே வாரேன்."

ஸ்கூட்டி போன பிறகு பெயிண்டர் தோளிலிருந்த துணியைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் கேட்டார்.

"நேரமாவுதுங்க. மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?"

"எதையும் எடுக்க வேண்டாம். மேல இருக்கற பேரு மங்கிப் போச்சு பாருங்க. அத மட்டும் நல்லாப் பளிச்சுனு எழுதிருங்க."

அவர் டப்பாவைத் திறந்து ஏணியில் ஏறினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.